வெட்டிய மூச்சுகள்

“நீ வெட்டி எடுக்கிற மூச்செல்லாம் எங்கேம்மா போகும்?”

மகள் ஏழு வயதில் அவளிடம் கேட்டது. “குப்பைக்குத்தான்” என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அவள் வேலை பார்ப்பது அரசு வானொலியின் டிஜிட்டல் நிலையத்தில். பாட்டே கிடையாது, நாள் முழுக்கப் பேச்சுதான். பேசுபவர்களின் மூச்சையும் இருமலையும் கத்தரித்து ஒழுங்குபடுத்துவது அவள் வேலை. இரண்டு ஷிப்டு தொடர்ந்து பார்த்ததில் கண் எரிந்தது. விடுமுறைப் பிற்பகல், மாடியில் வேறு யாருமில்லை.

கணினித் திரையில், நிலையத்தின் மூத்த அறிவிப்பாளர் நிமிஷம் சாரின் கடைசி உரை. சொன்ன நிமிஷத்தில் பேச்சை முடிப்பவர் என்பதால் அந்தப் பெயர். பத்து நாள் முன்பு இறந்துபோனார். நுரையீரல் கெட்ட நிலையில் பதிவு செய்தது. நாலு சொல்லுக்கு ஒரு மூச்சிழுப்பு.

முதல் இழுப்பை வெட்டினாள். எதிரே கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், பூட்டிய ஸ்டூடியோவில், யாரோ மூச்சிழுத்த மாதிரி இருந்தது. ஏ.சி.யாக இருக்கும் என்று நினைத்தாள்.

நிகழ்ச்சி அதிகாரி போனில் வந்தார். “என்னம்மா, ஆறு மணிக்கு உரை போயிடுமா?”

“இழுப்பு நிறைய இருக்கு சார்.”

“ஒண்ணு விடாம எடுத்துடு. உசுரோட இருந்தப்ப நிமிஷம் தவறாத மனுஷன், இப்ப மூணு நிமிஷம் அதிகமா ஓடுறாரு.”

“அவரு மூச்சு சார் அது.”

“போனவருக்கு எதுக்கும்மா மூச்சு?” சிரித்துவிட்டு வைத்தார்.

அவளால் சிரிக்க முடியவில்லை. மகளுக்குக் காய்ச்சலாக இருந்த வாரம் அவள் பணியில் கண்ணயர்ந்து, நிலையம் பதினோரு நிமிடம் ஊமையாகக் கிடந்தது. அவள் அப்போது ஒப்பந்த ஊழியர், வேலை போயிருக்கும். “அடுத்த பதிவைப் போட மறந்தது நான்தான்” என்று எழுதிக் கொடுத்தவர் நிமிஷம் சார். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு போனது. நன்றி சொல்லப் போனபோது, “பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா? அது போதும், போம்மா” என்றார்.

தொடர்ந்து வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் கண்ணாடிக்கு அப்பால் அந்த ஓசை நீண்டு கரகரத்தது. ஈரக் கம்பள வாடையோடு மருந்து நெடியும் கலந்து கதவிடுக்கு வழியே வந்தது. ஏ.சி.யை அணைத்தாள். ஓசை நிற்கவில்லை. உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. இழுப்பு. இன்னொரு வெட்டு. இழுப்பு, பாதியில் நின்றது.

அவருக்குத் திணறுகிறது.

வெட்டிய நூற்றுப் பன்னிரண்டு மூச்சையும் அதனதன் இடத்தில் திரும்ப வைத்தாள். விளக்கம் கேட்டு மெமோ வரும். வரட்டும். அப்படியே ஆறு மணிக்கு ஒலிபரப்பில் ஏற்றினாள்.

உள்ளே ஓசை சீரானது. ஒலிபரப்பில் உரை முடிவுக்கு வந்தது. “வணக்கம்” என்றார். அதற்குப் பின் பதிவில் மூச்சே இல்லை.

கண்ணாடிக்கு அப்பால் மறுபடி திணறல். அடைத்த தொண்டை. அடுத்த மூச்சுக்குக் காத்திருக்கும் தொண்டை.

ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. அவள் சாவியை எடுத்து ஸ்டூடியோக் கதவைத் திறந்து உள்ளே போனாள். யாருமில்லை. மைக்கின் முன் உட்கார்ந்து, கடவுளை நினைத்து, நெஞ்சிலிருந்த மூச்சை எல்லாம் மெதுவாக ஊதினாள்.

“எடுத்துக்குங்க சார்.”

திணறல் நின்றது.

அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். வரவில்லை.

எதிரே, மைக்கின் கறுப்புப் பஞ்சு உறை ஒரு கன்னம்போல மெல்லக் குழிந்தது. உப்பியது. குழிந்தது.