காந்திமதியின் கட்டைவிரல்

காந்திமதி விரல் வைத்ததும் கதவு திறந்துகொண்டது. அதுதான் தப்பு. எட்டு மாதமாக அந்தக் கதவு அவள் விரலுக்கு ஒரு நாளும் திறந்ததில்லை. சாப்பிட்டுவிட்டு வந்தவள் ஏதோ யோசனையில் எல்லோரையும்போல விரலை வைத்துவிட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே போய், கதவு பின்னால் அழுத்தமாகச் சாத்திக்கொண்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

திண்டிவனத்துக்கு வெளியே, செல்போன் திரை செய்கிற கம்பெனி அது. இந்தப் புது மாடல் அப்பளத்தைவிட மெல்லிசு. அதற்குள்ளேயே விரல்ரேகை பார்க்கும் கண்ணும் உண்டு. திரையின் வெளிச்சம் விரலில் பட்டுத் திரும்பும், அடியிலிருக்கும் சில்லு அதைப் படம் பிடிக்கும். வெளி வெளிச்சம் துளியும் ஆகாது என்பதால் பட்டப்பகலிலும் ஜன்னலே இல்லாத இருட்டறையில்தான் சோதனை. ஒவ்வொரு திரையிலும் விரலை வைத்து, மானிட்டரில் ரேகை சுத்தமாக விழுகிறதா என்று பார்ப்பதே அவள் வேலை.

வேலைக்குச் சேர்ந்தபோது அவள் விரலில் ரேகையே இல்லை. மயிலத்துப் பக்கம் தங்கள் நிலத்து விதைப்புக்காக மூட்டை மூட்டையாய் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரித்த கை, வழவழவென்று தேய்ந்து கிடந்தது. கதவுக்கான பதிவு மெஷின் அதை எடுக்கவில்லை. பின்னால் நின்ற கவிதாதான், "இதுக்கா அழுவுற? தள்ளுடி" என்று, யாரும் பார்க்காத நேரத்தில் தன் இடது கட்டைவிரலை வைத்தாள். காந்திமதியின் பேரில் கவிதாவின் விரல் ஏறிவிட்டது. அன்றிலிருந்து காந்திமதிக்காக அந்தக் கட்டைவிரலையும் கவிதாவே வைப்பாள், போக வர இருவரும் ஜோடிதான். பிறகு ரேகை வளர்ந்தும் பதிவை மாற்ற வழியில்லை. மாற்றப் போனால் குட்டு வெளிப்பட்டு இரண்டு பேருக்கும் வேலை போய்விடும்.

போன மாதம் கவிதாவுக்குக் காய்ச்சல். "முடியலடி, நாளைக்கு வரல" என்றவளை, "நீ வரலன்னா எனக்குக் கதவு தொறக்காதே, ரெண்டே நாள் வந்துடுடி" என்று கெஞ்சி இழுத்துவந்தது காந்திமதிதான். நெற்றி முழுக்கத் தைலம் தடவிக்கொண்டு நாலு நாள் வந்தாள். ஐந்தாம் நாள் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். பாவி, நான்தான் அவளைக் கொன்றேன் என்று காந்திமதி தினமும் மனசுக்குள் சொல்லிக்கொள்வாள், வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. அதன்பிறகு யாராவது போகும்போது கூடவே ஒட்டிக்கொண்டு போய் வந்தாள். இன்று கூட இருக்க வேண்டிய சூர்யகலா மத்தியானத்துக்குமேல் லீவு.

மூன்றரைக்குக் கிளம்ப சூப்பர்வைசர் ஜெகதீசனிடம் காலையிலேயே அனுமதி வாங்கியிருந்தாள். நாலு மணிக்கு மயிலத்துப் பால்வாடியிலிருந்து மகள் கலைப்பிரியாவை அழைத்துப்போக வேண்டும். மூன்று வயசு. வீட்டில் வேறு ஆளில்லை.

திரைகள் ஒவ்வொன்றாக வந்தன. விரலை வைத்தாள், ரேகை விழுந்தது, தள்ளினாள். ஒரு மணி நேரத்துக்குமேல் ஒன்றுமில்லை, நான்தான் வீணாகப் பயந்தேன் என்றுகூட நினைத்தாள். ஏசியின் ஒரே சீரான முனகல், கண்ணாடிகள் தட்டில் உரசும் மெல்லிய கிரீச், முகமூடிக்குள் தன் மூச்சே சூடாகத் திரும்பிவரும் புழுக்கம், இவற்றுக்கு நடுவே, பவுடர்கூடப் பூசிக்கொண்டு வரக்கூடாத அந்த அறையில், தைல வாசனை வந்தது.

அடுத்த திரை. அவள் விரல் வைப்பதற்கு முன்பே மானிட்டரில் ரேகை விழுந்தது. குறுக்கே ஒரு கோடு. கதிர் அறுக்கும்போது கவிதாவுக்கு அரிவாள் பட்ட தழும்பு. இடது கட்டைவிரல்.

திரையைத் துடைத்தாள். ரேகை போகவில்லை. நகர்ந்தது. கதவுப் பக்கமாக நகர்ந்து, விளிம்பைத் தாண்டிக் காணாமல் போனது.

பின்னால் கதவு திறந்து மூடிய சத்தம்.

ஓடினாள். கதவோரக் கண்ணாடியில் விரலை வைத்தாள். சிவப்பு. மறுபடி. சிவப்பு. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாள். எல்லாம் சிவப்பு. சுவரிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

"சார், இருட்டறைக் கதவு தொறக்கல சார். ஜல்தி வாங்க சார்!"

"யாரும்மா அது?" ஜெகதீசன்தான்.

"காந்திமதி சார்."

"இன்னா பேஜாரா போச்சு. காந்திமதி இப்பதான் வெரல் வச்சுட்டு வெளிய போச்சு. இங்க காட்டுதே. உள்ள ஆளே இல்ல."

"அது என் வெரல் இல்ல சார்! என் பேர்ல கவிதாதான் வெரல் வச்சா. தப்புதான் சார், வேலைய விட்டுத் தூக்கிடுங்க. கதவ மட்டும் தொறங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!"

அவர் குரல் மாறியிருந்தது.

"இந்தாம்மா, நீ யாரோ தெரியல. செத்துப்போன பொண்ண வச்சு விளையாடாத. காந்திமதி என்கிட்ட சொல்லிக்கினுதான் போச்சு. அவசரத்துல முகமூடியக்கூட கழட்டல. கொழந்தையக் கூப்பிடணும்னு மயிலம் பஸ்ஸப் புடிக்க ஓடுது."

வைத்துவிட்டார். மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

கதவை அடித்தாள். உதைத்தாள். பாப்பா, பாப்பா என்று கத்தினாள். அறையின் கனத்த சுவர் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டது. "கவிதா, என்ன எடுத்துக்கோடி. அவள விட்டுடுடி. உன் கால்ல விழறேன்." கீழே உட்கார்ந்துவிட்டாள்.

மானிட்டரின் மூலையில் மணி நாலு.

நாலு ஐந்து.

யாரும் தொடாத திரை. உள்பக்கத்தில் லேசாக ஆவி படிந்தது. தழும்பு விழுந்த விரல் வந்து நின்றது. அதன் அருகில் இன்னொன்று. உள்பக்கமிருந்து. ஈரமாக.

புளியங்கொட்டை அளவுக்கு, ஒரு குட்டிக் கட்டைவிரல்.