சுவருக்குள் வைத்த வாலட்

போனில் ‘சாதனம் இணைந்தது’ என்று வந்தபோது, கண்ணாடிக் கடைக்காரன் சாப்பாட்டு மேஜையில் குனிந்து, யாரோ ஒருவரின் மூக்குக்கண்ணாடிக்குக் கடுகளவு திருகாணி ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தான். வெளியே மதியத்திலிருந்து விடாத மழை. ஜன்னல் தகரத்தில் அது கொட்டுகிற சத்தத்தோடு ஈரச் சுண்ணாம்பு வாடையும் வீடு முழுக்கப் பரவியிருந்தது. அவன் போனை மறுபடி பார்த்தான். சாதனம் எப்படி இணையும்? அதை அணைத்துச் சுவருக்குள் அல்லவா வைத்திருக்கிறான்! பட்டனை யாராவது அழுத்தாமல் அது விழிக்கவே விழிக்காதே.

பிட்காயின் பணத்தின் சாவியைப் பூட்டிவைக்கிற அந்த ஹார்டுவேர் வாலட்டை வாங்குவதற்குள் அவன் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. வாசலைப் பூட்டிவிட்டு, மாடிப்படி இறங்கிவிட்டு, பூட்டியாகிவிட்டதா என்று திரும்ப ஏறிவந்து இழுத்துப் பார்க்கிற ஆசாமி அவன். மகளின் காது ஆபரேஷனுக்கென்று வருஷக்கணக்காய்ச் சேர்த்ததெல்லாம் பிட்காயினாக ஒரு கம்பெனியின் கணக்கில் கிடந்தது. அந்த மாதிரிக் கம்பெனி ஒன்று திடீரென்று கடையைச் சாத்தியதாகக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று. மகளுக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்து ஒரு சத்தம் கேட்டதில்லை. அடுத்த மாதம் உள்காதில் கருவி வைக்கத் தேதி கொடுத்திருந்தார்கள்.

செல்போன் கடை வைத்திருக்கும் மச்சான்தான், மனைவியின் அண்ணன், மூன்று வாலட்டுகளைக் கொண்டுவந்து மேஜையில் பரப்பினான். தொடுதிரை உள்ளது ஒன்று, கேபிள் போடுவது ஒன்று. மூன்றாவதற்குக் கேபிள் வேண்டாம். சோப்புக்கட்டி நீளம், இரண்டு முனையிலும் ஒவ்வொரு பட்டன்.

“இதை எடுத்துக்கோங்க மாப்ள. உலகத்துல எந்த மூலையில இருந்து எந்தத் திருடன் வந்தாலும் ஒண்ணும் புடுங்க முடியாது. இந்தப் பட்டனை அமுக்கணும்னா உங்க வீட்டுக்குள்ள வந்துதான் ஆகணும்.”

“யாராவது எடுத்துட்டுத் தன்னோட பேருக்கு மாத்திக்கிட்டா?”

“அடேங்கப்பா, இவரோட சந்தேகத்தப் பாரு! முதல்ல உங்க ரகசிய எண் தெரியணும். அப்புறம் பழைய ஆள எடுத்துட்டுப் புது ஆளுங்களப் போடணும்னா, ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல நின்னு ஆளுக்கொரு பட்டனை ஒண்ணா அமுக்கணும். போதுமா? அது என்ன பண்ணாலும் உங்க போன்ல சொல்லிடும். ஒண்ணே ஒண்ணு, இது தொலைஞ்சா பணத்தத் திரும்ப எடுக்கற மீட்புச் சொற்களைப் பொறிச்ச தகட்டையும் இதையும் ஒரே இடத்துல வெச்சுடாதீங்க.”

ஒரே இடத்தில்தான் வைத்தான். அவ்வளவு நல்ல இடம் கிடைத்தால் யார்தான் வைக்கமாட்டார்கள்? மகளின் அறையில், அலமாரிக்குப் பின்னால், இடுப்புயரத்தில் ஒரு பலகை இருந்தது. பெயர்த்தால் உள்ளே பழைய குழாய் போன பொந்து. கையை விட்டால் சில்லென்றிருந்தது. டார்ச் அடித்தால் வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது, எதிலும் படவில்லை. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன் மறுபடி மினுங்கியது.

‘ரகசிய எண் தவறு. இன்னும் இரண்டு வாய்ப்பு.’

குட்டிதான் கிண்டுகிறாளோ? ஆனால் அந்தத் தேக்கு அலமாரியை நகர்த்த அவனே தோளைக் கொடுத்து மூச்சுப்பிடித்துத் தள்ளவேண்டும். மனைவி பிரசவ வார்டில் நர்ஸ், விடிந்தால்தான் வருவாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. கூப்பிடலாம் என்றால் மகளுக்குக் கேட்காது. ஆகவே அந்த வீட்டு வழக்கப்படி, பலகைத் தரையில் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினான். அதிர்வு அவள் பாதத்துக்குப் போய்விடும். அவளும் எங்கிருந்தாலும் இரண்டு தட்டுத் தட்டுவாள். ‘இங்கதான் இருக்கேன்’ என்று அர்த்தம்.

டக். டக்.

பதில் வந்தது. அப்பாடா என்று மூச்சுவிட்டான். விட்ட பிறகுதான் உறைத்தது. சத்தம் தரையிலிருந்து வரவில்லை. அவன் தோளுக்குப் பக்கத்தில், சுவருக்குள்ளிருந்து வந்தது.

‘ரகசிய எண் தவறு. கடைசி வாய்ப்பு.’

எழுந்தான். திருகாணி எங்கோ உருண்டு விழுந்தது. நடைவழி விளக்கைப் போட்டான். எரிந்தது, ஆனாலும் மகளின் அறைக்கதவு வரைக்கும் அந்த வெளிச்சம் போய்ச்சேராத மாதிரி இருந்தது. சுண்ணாம்பு வாடை இப்போது மூக்கில் ஏறியது. அதற்கடியில் வேறொன்று, வெகுநாள் மூடிக்கிடந்த தண்ணீர்த் தொட்டியின் நாற்றம். சுவரைத் தொடாமல் நடந்தான். போன வாரம் மகள் அதே சுவரில் உள்ளங்கையை ஒட்டிவைத்துக்கொண்டு, இன்னொரு கையால் சைகை காட்டினாள்: சுவர் பேசுகிறது. ‘ஆமாடி, என்னைவிட நல்லாப் பேசுமே’ என்று அவனும் சைகையிலேயே கேலி செய்து அனுப்பிவிட்டான். அட மடையா, என்ன பேசுகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

போன் கையில் அதிர்ந்தது.

‘திறக்கப்பட்டது.’

அவன் நின்றான். அந்த எண்ணை அவன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. எங்கும் எழுதியதில்லை. ஒவ்வொரு முறையும் வாலட்டோடு வந்த தாளில் சொன்னபடியேதான் செய்தான்: ரகசிய எண்ணை இடும்போது முதுகைச் சுவரோடு ஒட்டி உட்காருங்கள், உங்கள் தோளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. அவன் ரொம்பக் கவனமாகவே இருந்தான். பலகையைப் பெயர்த்து, வாலட்டை எடுத்து, அங்கேயே தரையில் சம்மணமிட்டு, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணாக இட்டான்.

பொந்து திறந்தே இருந்தது. தோளுக்குப் பின்னால். காதுக்குப் பக்கத்தில். ஒருநாள் பிடரியில் ஈரக்காற்று பட்டது. மழைக்காற்று என்று நினைத்துக்கொண்டான்.

பணம் போகட்டும். எல்லாம் போகட்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடவேண்டும், செருப்புகூட வேண்டாம்.

போன்.

‘உரிமை மாற்றம் தொடங்கியது. புதிய உரிமையாளர்கள் இருவரும் ஆளுக்கொரு பட்டனை ஒன்றாக அழுத்தவும்.’

கதவைத் தள்ளினான்.

அலமாரி சத்தமே இல்லாமல் ஒரு ஓரமாகப் போயிருந்தது. பலகை தரையில் கிடந்தது. மகள் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பொந்தின் முன்னால் நின்றாள். ஒரு கன்னத்தைச் சுவரோடு சேர்த்து வைத்திருந்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று பதறினான். இல்லை. சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் கை நீண்டிருந்தது. கையில் வாலட். ஒரு முனையில் அவளுடைய கட்டைவிரல், வண்ணப் பென்சில் கறையோடு.

மறு முனையில் ஒரு விரல்.

பொந்துக்குள்ளிருந்து வந்திருந்தது. நீளம். வெளுப்பு. ஊறிப்போன தோல். நகம் இல்லை.

டிக்.

‘பழைய உரிமையாளர் நீக்கப்பட்டார்’ என்று போன் சொன்னது.

அவன் வாயைத் திறந்தான். கத்தி என்ன பயன்? குதிகாலைத் தூக்கி, முழுப் பலத்தோடும் தரையில் அடித்தான். இரண்டு முறை. தரைப் பலகை அதிர்ந்தது. அவள் பாதத்தடியில் அதிர்ந்தது. அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

மகள் திரும்பவில்லை.

சுவருக்குள் டக், டக் என்று மெதுவாகக் கேட்டது. அவள் சட்டென்று நிமிர்ந்தாள். கேட்டவளைப்போல. பிறகு அந்த விரலைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டு, வெறுங்காலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.