தலையாட்டி மான்

காற்று இல்லை. யன்னல்கள் சாத்தியிருந்தன. அப்படியிருந்தும் மேசையில் வரிசையாக நின்ற மர மான்களில் ஒன்று தலையை ஆட்டியது. டக். டக். மூன்றாவது ஆட்டம் பாதியில் நின்றது.

இராசமலர் பலகை அறுக்கும் வாளைக் கீழே வைத்தாள். அந்த ஆட்டம் அவள் போட்ட கணக்குத்தான். துறைமுகத்தில் வேலைசெய்யும் புருசன் தம்பிராசா உடைந்த தேயிலைப் பெட்டிகளின் மெல்லிய ஒட்டுப்பலகைகளைக் கொண்டுவந்து கொடுப்பான். அவள் காகிதத்தில் மானை வரைந்து, பலகையில் ஒட்டி, பழைய தேயிலை வாசம் வீடெல்லாம் கிளம்ப, நூல்போன்ற வாளால் வளைத்து வளைத்து அறுப்பாள். தலையைத் தனியாக அறுத்து ஆணியில் கோத்து, கழுத்தின் அடியில் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டைத் தொங்கவிட்டால், தட்டியதும் இரண்டு தரம் முழுசாக ஆடி, மூன்றாம் தரம் பாதியில் நிற்கும். கோட்டைப் பக்கம் மேயும் மான்கள் ஆளைக் கண்டால் அப்படித்தான் தலையைத் தாழ்த்தும். அதைப் பிடிக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் தட்டினால்தானே ஆடவேண்டும்?

முன்கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு முருகேசு வந்தான்.

“தங்கச்சி, ரெண்டு சின்ன ஆணி இருந்தால் தாங்கோ. கதிரைக்கால் கழண்டு போச்சு.”

அவன் நின்ற பக்கம் பார்த்து எல்லா மான்களும் ஆடின.

“அட, எனக்கு வணக்கம் சொல்லுதுகள்!” என்று சிரித்தான். அவளும் சிரித்து வைத்தாள்.

மறுநாள் விடியச் சுற்றிவளைப்பு. அந்த வருசங்களில் அது மழைபோல, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆமி வீடு வீடாகத் தட்டி, எல்லோரையும் மைதானத்துக்கு நடத்திப் போனது. அங்கே ஜீப்பில், தலையில் சாக்கைக் கவிழ்த்த ஒருவன் உட்கார்ந்திருந்தான். கண்ணுக்கு இரண்டு ஓட்டை, அவ்வளவுதான். ஆட்கள் ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்கவேண்டும். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளை லொறியில் ஏற்றுவார்கள். ஏறியவர்கள் திரும்பி வந்ததில்லை. ஊரில் அவனுக்குப் பெயர் தலையாட்டி.

முருகேசு நடந்தபோது சாக்கு இரண்டு தரம் முழுசாக ஆடி, மூன்றாம் தரம் பாதியில் நின்றது. வெயில் தலைக்கேறிவிட்டது என்று இராசமலர் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். அதற்குள் முருகேசை லொறியில் ஏற்றிவிட்டார்கள்.

கடைத்தெருவில் விளையாட்டுச் சாமான் விற்கும் ஸைனுலாப்தீன், அவள் விற்கக் கொண்டுபோன மானைத் திருப்பி வயிற்றைப் பார்த்தார். பார்த்தவர் சட்டென்று கீழே வைத்துவிட்டார்.

“என்ன தங்கச்சி பேரு இது?”

“தலையாட்டி மான், நானா. தலையை ஆட்டும்தானே.”

“இந்தக் காலத்துல இந்தப் பேரையா வைக்கிறீங்க? பேர் சொல்லிக் கூப்பிட்டா அது வந்து நிக்கும். அழிச்சிட்டுக் கொண்டுவாங்க.”

அவளுக்கு முகம் வெளிறிவிட்டது. ஊரே வாய்விட்டுச் சொல்லப் பயந்த சொல்லை, விளையாட்டுப் பெயர்தானே என்று, ஒவ்வொரு வயிற்றிலும் சூட்டுக்கம்பியால் அழகழகாக எழுதி வைத்திருந்தாள்!

வீட்டுக்கு வந்து போத்தல் துண்டால் சுரண்டினாள். பலகையின் ஒரு படை உரிந்தது. அடுத்த படையிலும் அந்தப் பெயர். அதையும் உரித்தாள். அங்கேயும் இருந்தது, இன்னும் கறுப்பாக.

பொழுது சாயும் நேரம் படலை கிரீச்சிட்டது.

“உள்ளுக்கு வராதேங்கோ!” என்று கத்தினாள்.

தம்பிராசா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏற்கெனவே உள்ளே வந்திருந்தான். “என்னப்பா? ஏன் கத்துறாய்?”

டக். டக். எல்லாம் ஒன்றாக. அவனைப் பார்த்து.

எரித்துவிட நினைத்தாள். கை வரவில்லை, அவனைப் பார்த்து ஆடிய ஆட்டம் மாற்றமுடியாமல் நிலைத்துவிட்டால்? வச்சிரப் பசையைக் காய்ச்சி ஒவ்வொரு கழுத்திலும் ஊற்றினாள். விரல் வெந்தது. ஊற்றினாள். இறுகியபின் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை.

“உனக்கு என்ன பிடிச்சது, மலர்?” என்றான் அவன். அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவனில்லாமல் தன்னால் ஏலாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த சுற்றிவளைப்பு வந்தது. மைதானம். புழுதி. ஜீப். அதே சாக்கு.

தம்பிராசா சாக்கின் முன்னால் போய் நின்றான். சாக்கு அசையவில்லை. தோள்கள் மட்டும் திமிறின. உள்ளேயிருந்து ஏதோ நெரியும் சத்தம். மரச் சத்தம். பிறகு அதுவும் நின்றது.

“போ,” என்றான் ஆமிக்காரன்.

தம்பிராசா நடந்தான். மைதானத்தின் மறுகரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். இராசமலருக்கு மூச்சு வந்தது. கோணேசரே, கோணேசரே என்று வாய் முணுமுணுத்தது.

அதன்பிறகு பெண்களை நடக்கச் சொன்னார்கள்.

அவள் ஜீப்பை நெருங்கினாள். பழைய தேயிலை வாசம். அதற்குமேல், காய்ச்சிய வச்சிரத்தின் நாற்றம்.

பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தாள். பார்த்துவிட்டாள்.

ஓட்டைகளுக்குள் கண் இல்லை. பலகை. வெளிறிய பலகையின் ரேகைகள்.

கழுத்து ஆடவில்லை. ஆட முடியாது, அவளே ஒட்டியது.

இடுப்பு மடிந்தது.

உடம்பு முழுவதும் அவளை நோக்கி முன்னால் வளைந்தது. டக். நிமிர்ந்து, மறுபடி வளைந்தது. டக்.

மூன்றாம் தரம் பாதியில் நின்றது. அவள் முகத்துக்கு நேரே சாக்கு. அது நிமிரவே இல்லை.