எண்ணெய் தடவாத சீல்

ஆயில் சீலை உலர்ந்தபடியே அடித்து மாட்டியது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வழக்கம்போல ஜோக் அடித்துத் தப்பித்துக்கொள்வேன்.

ஆயில் சீல் என்பது இன்ஜின் ஆயில் வெளியே வராமல் பிடிக்கிற வளையம். புதுசு என்றால், அதன் ரப்பர் உதட்டில் விரலால் கொஞ்சம் எண்ணெய் தடவித்தான் மாட்ட வேண்டும். தடவாவிட்டால் இன்ஜின் சுற்றுகிற சூட்டில் உதடு கருகிப்போகும். ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே ஒழுகும். கடலூர் முதுநகரில் இருபத்திரண்டு வருஷமாக ஷெட் வைத்திருக்கும் மரிய ஜோசப்புக்கு இது தெரியாதா என்ன? தெரியும். ஆனால் அன்றைக்கு, கிபாயத்துல்லா பாயின் தொண்ணூற்று நாலாம் வருஷத்து மாருதிக்கு அடியில் படுத்துக்கொண்டு, நெல்லிக்குப்பத்தில் டிராக்டரில் பெண் பார்க்கப் போனவனின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதை சூடு பிடித்த வேகத்தில் சீலை அடித்து இறக்கிவிட்டேன்.

பாய் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார். எப்போதும் அப்படித்தான். கண்ணாடி போட மாட்டார். பதினாலு கேட்டால் பன்னிரண்டு வரும். வாயில் இஞ்சி மரப்பா ஒன்று உருண்டுகொண்டே இருக்கும்.

"எண்ணெ தடவினியா ஜோசப்பு?"

"தடவாம போடுவனா பாய்?"

சிரித்துக்கொண்டே சொன்னேன். உண்மையைச் சொன்னால் சீலைக் குத்தி எடுத்துவிட்டு வேறு போட வேண்டும். எனக்குப் பசி வேறு.

நாலாம் நாள் பாய் சிதம்பரத்துக்குக் கிளம்பினார். அங்கே மகள் ஷாசியாவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பேரன் முகத்தை அவர் பார்க்கவில்லை. புதுச்சத்திரம் தாண்டி ரோட்டோரம், காருக்குள் உட்கார்ந்தபடியே மவுத்தாகிக் கிடந்தார். மாரடைப்பு என்றார்கள். காருக்கு அடியில் ஆயில் பரவி, அதில் ஈ மொய்த்துக் கிடந்ததாம்.

நெஞ்சு வலித்து வண்டியை நிறுத்தினாரா? இல்லை, வண்டி நின்றதால் நெஞ்சு வலித்ததா?

இந்த ஒரு கேள்விதான் எனக்கு. யாரும் பிடி கொடுக்கவில்லை. பாயின் மருமகன் உபைதுல்லா, "அல்லா நாட்டம்ணே, விடுங்க" என்றான். என் மனைவி ஜோதி மேரி, "சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்றாள். மாதா கோயில் பாவசங்கீர்த்தனத்தில் போய் அழுதேன். சாமியார், "சீல்னா என்னப்பா?" என்று கேட்டார். விளக்கினேன். பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லிவிட்டு, தன் காரும் ஒழுகுவதாகச் சொன்னார்.

பாயின் மனைவி சைதுன் பீவியிடம்தான் கேட்டிருக்க வேண்டும். அவர் இத்தாவில் இருந்தார். நாலு மாசம் பத்து நாள் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கிற துக்கம். நான் போய் நிற்க முடியாது. உள்ளபடி சொன்னால், முடியாது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

போன வாரம் உபைதுல்லா அந்தக் காரை வேறொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து ஷெட்டில் விட்டான். "அத்தை சரி பண்ணச் சொன்னாங்கண்ணே. ஷாசியாவுக்கு வேணுமாம்."

ஆறு நாள் அதைச் சுற்றிப் போனேனே தவிர, கை வைக்கவில்லை. நேற்று மத்தியானம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ரோட்டில் ஆள் இல்லை. துணிந்து காரின் கதவைத் திறந்தேன்.

இஞ்சி வாசனை.

சீட் துணியில் ஊறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடியில் நுழைந்தேன். தகரக் கூரையில் மழை இறங்கியது. கியர் பாக்ஸ் போல்ட்டில் கை வைத்ததும், இருபது வருஷப் பழக்கம், இன்னொரு கையை வெளியே நீட்டினேன்.

"பதினாலு குடுங்க பாய்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. கையை உள்ளே இழுக்க நினைத்தேன். இழுக்க வரவில்லை.

உள்ளங்கையில் ஸ்பேனர் வந்து உட்கார்ந்தது.

மெதுவாக முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்தேன்.

பன்னிரண்டு.

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுகிறவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். காரின் அடியில் படுத்திருப்பவன் எங்கே ஓடுவது? தலையைத் திருப்பாமல் வேலையைப் பார்த்தேன். கியர் பாக்ஸ் இறங்கியது. கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் கழன்றன. பழைய சீலைக் குத்தி எடுத்தேன். உதடு முழுக்கக் கருகி, தொட்டதும் பொடிந்தது.

கை கழுவிவிட்டு வந்து புது சீலைப் பாக்கெட்டிலிருந்து பிரித்துத் துணிமேல் வைத்தேன். எண்ணெய்க் கேனை எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தபோது சீலின் உதடு மினுங்கியது.

சுற்றிலும் ஒரே சீராக, ஒரு விரல் தடவிய எண்ணெய்.

கேன் என் கையில் இருந்தது. மூடி திறக்கவில்லை.

மாட்டினேன். ஒரு வார்த்தை பேசாமல், ஒரு கதை சொல்லாமல் மாட்டினேன்.

மழை விடும்போது ஆட்டோ ஒன்று வந்து நின்றது. சைதுன் பீவி இறங்கினார். முந்தாநாள்தான் இத்தா முடிந்திருந்தது. இளைத்துப் போயிருந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டிரைவர் பக்கத்துக் கண்ணாடியை முந்தானையால் துடைத்தார்.

"அம்மா," என்றேன். "பாய் போனது என்னாலயா?"

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"ஆமா தம்பி. ஆயில் போயி வண்டி நின்னுட்டுது. வெயில்ல ஒத்தயா தள்ளிப் பாத்திருக்காரு. அதுக்கப்புறந்தான் வலி. வந்து உள்ள உக்காந்தவருதான்."

நான் தரையைப் பார்த்தேன்.

"நீ தடவலன்னு அவருக்கு அன்னிக்கே தெரியும். சிரிச்சுக்கிட்டே சொல்றான், மறுக்கா கேட்டா கூசிப்போயிருவான்னு வுட்டுட்டாராம். ஒம் மேல கோவம்லாம் இல்ல."

"ரோட்லேருந்து போன் பண்ணுனாராம்மா?"

"போனத்தான் வூட்லயே வச்சிட்டுப் போயிட்டாரே."

கண்ணாடியைக் கடைசியாக ஒருமுறை துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னிக்குக் காலைலதான் சொன்னாரு."