வரைபடத்தில் பச்சையாக இருந்த குப்பம்

மயிலாப்பூர் கச்சேரி சாலையில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்தது சூடாமணியின் அலுவலகம். படி ஏறிய ஜெனிதா பாதிப் படியில் நின்றாள். திரும்பிப் போய்விடலாமா என்று யோசிப்பதற்குள் மேலேயிருந்து யாசிர் எட்டிப் பார்த்துவிட்டான்.

"இன்னா, அங்கயே நின்னுட்டே? வா மேல. மேடம் கடிக்க மாட்டாங்க."

யாசிர் திருவல்லிக்கேணிக்காரன், சூடாமணியின் உதவியாளன். ஜெனிதாவின் அம்மாவிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிறவன். மகளுக்கு வேலை போகப் போகிறது என்று அம்மா அவனிடம் அழுததால்தான் இவள் இன்று இங்கே வந்திருந்தாள்.

சூடாமணி ஐம்பதைத் தாண்டியவர். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய்யான இழப்பீட்டு மனுக்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது சொந்தமாக விசாரணை செய்பவர். குரலை உயர்த்திப் பேசிப் பழக்கமே இல்லாதவர் போலிருந்தார்.

"உட்காரும்மா. தண்ணி குடி. மெதுவா சொல்லு."

"மெதுவா சொல்ல நேரம் இல்ல மேடம். நாளைக்குக் காலைல மீட்டிங். அதுல என்னைய வெளிய அனுப்பிடுவாங்க."

ஜெனிதா வேலை பார்ப்பது அடையாற்றில் ஓர் ஆய்வு மையத்தில். மழை, வெயில், காற்றின் ஈரம், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் காய்ச்சல், கொசு முட்டைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் கணினியில் போட்டு, டெங்கு அடுத்து எந்தப் பகுதியில் பரவும் என்று முன்கூட்டியே சொல்லும் மையம் அது. பட்டினப்பாக்கம் பக்கத்தில் அவள் பிறந்து வளர்ந்த குப்பத்தில் முட்டைகளை எண்ணி அனுப்புவது அவள் பொறுப்பு.

"கறுப்பு கப்புல வைக்கோல் ஊறின தண்ணி ஊத்தி வெப்போம் மேடம். ஓரத்துல ஒரு துணிப்பட்டைய கிளிப்பு போட்டு மாட்டி, தண்ணி தொடுற மாதிரி உடுவோம். கொசு அதுல முட்டை வெக்கும். பொரிக்கிறதுக்குள்ள பட்டைய எடுத்தாந்து எண்ணணும். வாராவாரம் வேற பட்டை, வேற தண்ணி."

"இப்ப என்ன ஆச்சு?"

"தெருவுல கீற கப்பு எல்லாமே பூஜ்யம். ஒரு முட்டை கெடையாது. அதனால கம்ப்யூட்டரு எங்க குப்பத்தப் பச்சையா காட்டுது. பச்சைன்னா பயம் இல்லன்னு அர்த்தம். ஆனா வூட்டுக்கு வூடு ஜுரம் அடிச்சிக்கினு கீது. எங்க ஜனங்க ஆஸ்பத்திரிக்குப் போறதில்ல. மெடிக்கல் ஷாப்புல மாத்திரை வாங்கிப் போட்டுக்கினு கடலுக்குப் போய்டுவாங்க. அது எந்தக் கணக்குலயும் வராது."

மையத்தில் கணக்குகளை அலசும் பிரசாத், ஜெனிதா தெருவுக்கே போகாமல் வீட்டில் உட்கார்ந்து பூஜ்யம் எழுதிவிட்டாள் என்று புகார் கொடுத்திருந்தான். காய்ச்சல் முகாம் நடத்த மையத்தின் கையில் இருந்தது ஒரே ஒரு வேன். நாளைக் கூட்டத்தில் அதை, கணினி சிவப்பாகக் காட்டும் தி.நகருக்கு அனுப்ப முடிவாகும்.

"உனக்குப் பெரிய பயம் எது? வேலையா, குப்பமா?" என்று கேட்டார் சூடாமணி.

ஜெனிதா தலை குனிந்தாள். "வேலை போனா வேற தேடிக்கலாம். போன வருசம் எங்க எதிர்வூட்டு தேவானை அக்காவோட பொண்ணு டெங்குல செத்துப்போச்சி மேடம். இஸ்கூல் யூனிபாரத்தோட தூக்கினு போனோம். இந்த வருசம் அந்த வேன் வரலன்னா எத்தினி வூட்ல அப்படி ஆவுமோ தெர்ல."

ஒவ்வொரு முறையும் கப்பைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது மையத்தின் விதி. அந்தப் படங்களை சூடாமணி அவள் போனில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாசிரும் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தான்.

"இந்தக் கிளிப்பெல்லாம் எப்ப வாங்கினது?"

"மழை நின்னப்புறம் எல்லாத்தையும் மாத்தினேன் மேடம். ஒரே டப்பா."

"தெருவுல இருக்கிறதெல்லாம் துருப்பிடிச்சிருக்கே."

யாசிர் சிரித்தான். "கடக்கரை மேடம் அது. உப்புக் காத்து. அங்க சைக்கிள் வாங்கினா அடுத்த மாசம் இரும்புக் கடைக்காரனே வாங்க மாட்டான்."

ஜெனிதாவும் தலையசைத்தாள். துருவை அவள் கவனித்ததே இல்லை. குப்பத்தில் துருப்பிடிக்காத பொருள் எது?

சூடாமணி இன்னொரு படத்தைக் காட்டினார். "இது எங்க?"

"ஹவுசிங் போர்டு மொட்டை மாடி. அங்க ரெண்டு கப்பு வெச்சிருக்கோம். கிரில் கதவு, பூட்டு. சாவி என்கிட்டதான். அதுல மட்டும் முட்டை நெறைய வருது."

சூடாமணி செருப்பைத் தேடினார்.

குப்பத்துக்குள் மூவரும் நடந்தபோது வெயில் தாழத் தொடங்கியிருந்தது. வலை உலர்த்தியிருந்த சந்து, தண்ணீர்க் குழாய், பால்வாடி, பையன்கள் பந்து விளையாடும் மணல் மேடு என்று கப் வைத்த இடமெல்லாம் ஜெனிதா காட்டினாள். வீட்டு வாசல்களில் நீல டிரம்கள். உள்ளே பாய்களில் யாராவது ஒருவர் சுருண்டு படுத்திருந்தார்கள்.

எல்லாக் கப்பும் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருந்தது. ஒன்றுகூடச் சாயவில்லை. எண் ஒட்டிய பக்கம் தெருவைப் பார்த்தபடி இருந்தது. நான்கு மாடி ஏறியபோது சூடாமணிக்கு மூச்சு வாங்கியது. மொட்டை மாடியில் கடற்காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. அங்கே இருந்த கிளிப்புகள் கடையில் வாங்கியபடியே பளபளத்தன.

யாசிரின் சிரிப்பு அடங்கியது. "காத்து இங்கதான ஜாஸ்தி?" என்றான் தனக்குள்.

கீழே ஆப்பம் சுடும் அம்மாவிடம் சூடாமணி பழைய மூடி ஒன்று கேட்டு வாங்கினார். தெருக் கப்பிலிருந்து ஒரு கரண்டித் தண்ணீரை அதில் ஊற்றி அடுப்பில் வைத்தார்.

"கொசுத் தண்ணிய என் அடுப்புல காய்ச்சிறியேம்மா, நாளைக்கு எவன் வந்து துன்னுவான்?" என்றாள் ஆப்பக்காரம்மா.

"நான் துன்றேன்க்கா. நாலு ஆப்பம் கட்டு" என்றான் யாசிர்.

தண்ணீர் சுண்டியதும் மூடியில் வெள்ளையாகத் தடித்துப் படிந்தது. மாடியிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைக் காய்ச்சியபோது வைக்கோல் கறை மட்டும் மிஞ்சியது. சூடாமணி வெள்ளையைச் சுரண்டி நாக்கில் வைத்தார். ஜெனிதா அவர் முகத்தையே பார்த்தாள்.

மறுநாள் காலை அடையாறு மையத்தில் இயக்குநர் பஞ்சாட்சரம், பிரசாத், ஜெனிதா, சூடாமணி, யாசிர் ஐவரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சுவர்த் திரையில் தென்சென்னையின் வரைபடம். தி.நகரில் சில தெருக்கள் சிவப்பு. கடலோரத்தில் குப்பம் பச்சை. சற்று முன்தான் ஜெனிதாவின் அம்மா போன் செய்திருந்தாள். எதிர்வீட்டு அஜித்குமாருக்கும் நேற்றிலிருந்து ஜுரமாம். தேவானைக்கு மிஞ்சியிருந்த ஒரே பிள்ளை அவன்.

"பிரசாத், ஜெனிதா வீட்ல உக்காந்து பூஜ்யம் எழுதினாங்கன்னு சொல்றீங்க. மொட்டை மாடிக் கப்புகளுக்கு என்ன எழுதியிருக்காங்க?" என்று ஆரம்பித்தார் சூடாமணி.

"அதுல முட்டை நிறைய காட்டுது மேடம். ஆனா சுத்தி இருக்கிற எல்லாமே பூஜ்யம். இது ரெண்டும் பொருந்தல. அப்படி இருந்தா கோளாறுன்னு புரோகிராம் தானாவே ஒதுக்கிடும்."

"நேத்து அந்த நாலு மாடி ஏறினது எனக்கு இன்னும் முழங்கால்ல இருக்கு. லிஃப்ட் கிடையாது. வேலைய ஏமாத்துறவங்க கீழ கைக்கு எட்டுற கப்பை விட்டுட்டு, மாடிக்கு மட்டும் வாராவாரம் ஏறுவாங்களா?"

பிரசாத் மாடிக் கப்புகளின் கணக்கை மறுபடி திறந்து பார்த்தான்.

"அப்ப கம்ப்யூட்டர்ல யாரோ மாத்தியிருக்கணும்" என்றான் யாசிர் ஆர்வமாக, பிரசாத்தை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

"கம்ப்யூட்டர்ல மாத்தினா கிளிப்பு துருப்பிடிக்காது யாசிர்." அவர் பையிலிருந்து அந்த மூடியை எடுத்து மேசையில் வைத்தார். "காத்துதான் துருவுக்குக் காரணம்னா மாடில முதல்ல பிடிச்சிருக்கணும். அங்க பூட்டு இருக்கு, துரு இல்ல. தெருவுல பூட்டு இல்ல, துரு இருக்கு. அதனால இது காத்தோட வேலை இல்ல, கையோட வேலை. மூடில இருக்கிறது கல்லுப்பு. கடல் தண்ணிய விடக் கரிக்குது. அந்தத் தண்ணில டெங்குக் கொசு முட்டை வைக்காது. ஜெனிதா பொய் எழுதல. உண்மையிலேயே அங்க முட்டை இல்ல. கொசு கப்பை விட்டுட்டு வாசல்ல இருக்கிற நீல டிரம்முக்குப் போயிடுச்சு."

பஞ்சாட்சரம் முன்னால் சாய்ந்தார். "ஆராய்ச்சியைக் கெடுக்கணும்னு யார் செஞ்சது?"

"கெடுக்க நினைக்கிறவன் கப்பை உதைச்சுத் தள்ளியிருப்பான் சார். இவங்க ஒரு சொட்டு சிந்தாம உப்பைப் போட்டு, நம்பர் தெரியுற மாதிரி திருப்பி வெச்சிருக்காங்க. கப் இருக்கணும், ஜெனிதாவுக்குக் கெட்ட பேர் வரக்கூடாது, ஆனா அங்க கொசு வரக்கூடாது. நிக்கிற தண்ணில கல்லுப்பு போடணும்னு குப்பத்துல யார் சொல்லிக் கொடுத்தது?"



"நான்தான்" என்றாள் ஜெனிதா. "போன வருசம் ஜுரத்தப் பத்திப் போட்ட கூட்டத்துல. கப்பெல்லாம் அப்ப கெடையாது. தேங்குற தண்ணில போடச் சொன்னேன்."

"பிரசாத், முதல் பூஜ்யம் எங்க வந்துதோ அங்கேர்ந்து வாரம் வாரமா ஓட்டிக் காட்டுங்க."

திரையில் குப்பத்தின் கப்புகள் சிறு புள்ளிகளாகத் தெரிந்தன. ஒரு வீட்டு வாசலில் ஒரு புள்ளி பூஜ்யமாகி வெளுத்தது. அடுத்து பால்வாடி. பிறகு தண்ணீர்க் குழாய். பிறகு மணல் மேடு. அதற்குப் பிறகுதான் மற்ற சந்துகள் ஒவ்வொன்றாக வெளுத்தன.

"இது கொசு போற வழி இல்ல" என்றார் சூடாமணி. "ஒரு சின்னக் குழந்தை போற வழி. அந்தக் குழந்தை எங்கெல்லாம் நிக்குதோ அங்கெல்லாம் ஒரு கை முன்னாடியே போய் உப்பு போட்டுட்டு வந்திருக்கு. அப்புறம் மனசு கேக்காம எல்லா இடத்துக்கும் போட்டிருக்கு."

ஜெனிதாவுக்கு முதல் புள்ளியிலேயே தெரிந்துவிட்டது. அது அவள் எதிர்வீட்டு வாசல். அந்த வாசலுக்கு நேரே கொசுவுக்குத் தொட்டில் கட்டுவதுபோல் அவளே ஒரு கப்பைக் கொண்டுபோய் வைத்தாள். அதைப் பற்றி தேவானையிடம் ஒரு வார்த்தை விளக்கியதில்லை.

"பேர் சொல்லுங்க. ரிப்போர்ட்ல எழுதணும்" என்றார் பஞ்சாட்சரம்.

சூடாமணி ஜெனிதாவைப் பார்த்தார். ஜெனிதா மெல்ல இல்லையென்று தலையசைத்தாள்.

"பூஜ்யத்தை ஜெனிதா இட்டுக்கட்டி எழுதலன்னு நிரூபிக்கத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. அது முடிஞ்சுது சார். உப்பு போட்டது ஒரு தாய்னு எழுதிக்கோங்க. பேரை விட இப்ப வேன்தான் அவசரம்."

பிரசாத் அதற்குள் தட்டச்ச ஆரம்பித்திருந்தான். தெருக் கப்புகளை நீக்கினான். ஒதுக்கிவைத்த மாடிக் கப்புகளைத் திரும்பச் சேர்த்தான். வரைபடம் ஒரு நொடி வெறுமையாகி மீண்டும் வந்தது. கடலோரத்துப் பச்சை மறைந்து, தி.நகரை விடக் கருஞ்சிவப்பாகக் குப்பம் எழுந்தது.

"ஸாரி ஜெனிதா" என்றான் திரையை விட்டுக் கண் எடுக்காமல். "மாடிக் கப்பு ரெண்டும் காட்டின உண்மையை நானே ஒதுக்கியிருக்கேன்."

பஞ்சாட்சரம் போனை எடுத்து டிரைவரைக் கூப்பிட்டார்.

மதியத்துக்குள் வேன் பால்வாடி முன் வந்து நின்றது. ஜெனிதா நேராகத் தேவானையின் வீட்டுக்கு ஓடினாள். அஜித்குமார் பாயில் கண் சொருகிக் கிடந்தான். தொட்ட கை சுட்டது. இருவருமாக அவனைத் தூக்கிக்கொண்டு போய் சோதனைக்கு ரத்தம் எடுக்கக் கொடுத்துவிட்டு நிழலில் காத்திருந்தார்கள். ஜெனிதா எல்லாவற்றையும் சொன்னாள். கப், பட்டை, பொரிப்பதற்குள் எடுத்துவிடுவது, பச்சை, சிவப்பு.

தேவானை பிள்ளையின் நெற்றியைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப, நான் உப்பு போட்டதாலதான் இந்த வண்டி இத்தினி நாளா வர்லியா?"

இல்லை என்று சொல்வது எளிது. ஜெனிதாவின் நாக்கு நுனி வரைக்கும் அது வந்தது.

"ஆமாக்கா" என்றாள். "நானும் உன்கிட்ட எதுக்கு அந்தக் கப்புன்னு சொல்லல."

வேனிலிருந்து டாக்டர் எட்டிப் பார்த்தார். "டெங்குதான்மா. ஆனா ரத்தத்துல அணுக்கள் இன்னும் குறையல, சீக்கிரம் வந்துட்டீங்க. தண்ணி நிறைய குடுங்க. நாளைக்கும் கட்டாயம் கொண்டு வந்து காட்டணும்."

தேவானை கண்ணைத் துடைத்தாள். பிள்ளையை ஜெனிதாவின் மடியில் கிடத்திவிட்டு எழுந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் சந்துக்குள் நுழைந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் வீடு வீடாக நகர்வது கேட்டது.

"எந்திரிங்கடி. மாத்திரை போட்டு உள்ளயே படுத்தது போதும். புள்ளைங்களத் தூக்கினு வெளிய வாங்க. வந்து வரிசைல நில்லுங்க."