நெற்றியில் எரியும் எண்

செவ்வாயின் மூன்றாம் இரும்புக் குழியில் வேலைக்கு இறங்குமுன் ஒவ்வொருவனும் வாசல் கம்பத்தில் விரலை வைப்பான். ஊசி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கும். அதிலுள்ள ஆண் ஹார்மோனின் அளவு தலைக்கவசத்தின் நெற்றியில் எண்ணாகப் பச்சையில் எரியும். கனமான துளைப்பானை யாரிடம் கொடுப்பது என்று பார்க்க எவனோ செய்த ஏற்பாடு. துளைப்பானை இப்போது இயந்திரம் பிடிக்கிறது. எண் மட்டும் நிற்கவில்லை.

மாசானத்தின் நெற்றியில் இருநூற்றுப் பத்து எரிந்தது. மற்றவர்களில் எவனுக்கும் எண்ணூற்றுக்குக் குறைவில்லை.

"என்னலே, பேட்டரி தீந்து போச்சா?" என்றான் மேஸ்திரி தங்கப்பழம். அவனுக்குத் தொள்ளாயிரத்து நாற்பது. "சாமான் அறையில ஊசிக் குப்பி சும்மாதான குடுக்கான்? வாரம் ஒண்ணு ஏத்து. குதிரை மாதிரி ஆயிருவ."

குழியே சிரித்தது.

மாசானத்துக்கும் ஆசைதான். ஆறு மாதமாக உடம்பு ஈரச் சாக்கு மாதிரிக் கிடந்தது. மனைவி பொன்மாரி பக்கத்தில் படுத்தாலும் ஒன்றும் தோன்றவில்லை. குழந்தை பெற்றுக்கொள்ளக் குடியிருப்பு கொடுத்த அனுமதிச் சீட்டுக்கு இன்னும் பதினோரு மாதம்தான் ஆயுள். தவறினால் மறு சீட்டு கிடையாது.

குப்பியோடு வந்தவனைப் பொன்மாரி விடவில்லை. "ஏங்க, அந்தப் பொறிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க. வாய் வலிச்சிருமா?"

குடியிருப்புக்கு மருத்துவர் நாடிப்பொறிதான்: சுவரில் பதித்த ஒரு கண், இரண்டு கைகள். இரண்டு நாள் காலையில் ரத்தம் எடுத்துப் பார்த்தது. எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்டது.

"நாலு. ரெண்டு ஷிப்டு பாக்கேன்லா."

"குறைவு உண்மைதான். ஊசி போட்டால் தெம்பு வரும், ஆசையும் வரும். ஆனால் ஹார்மோன் வெளியிலிருந்து வந்தால் உங்கள் விந்தகம் வேலையை நிறுத்திக்கொள்ளும். விந்தணு அநேகமாக அற்றுப்போகும். ஊசியை விட்டாலும் பழையபடி வர மாதக்கணக்கில் ஆகும். பிள்ளை வேண்டாதவர் யோசிக்கலாம். உங்களுக்கு இப்போது வேண்டாம். ஒரு ஷிப்டை விடுங்கள், தூங்குங்கள். மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம்."

"அப்போ அவனுவ எல்லாம்?"

"யாரும் என்னைக் கேட்கவில்லை."

மாசானம் குப்பியைத் திருப்பிக் கொடுத்தான். அன்றிலிருந்து அவனுக்கு இருநூறு என்றே பெயர். சேலை வேணுமா, வளையல் வேணுமா என்று நாளொரு கேள்வி. அவன் ஒரு ஷிப்டை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினான். மூன்றாம் மாதம் எண் நானூற்றைத் தொட்டது. அப்போதும் குழியில் அவன்தான் கடைசி.

ஏழாம் மாதம் பொன்மாரிக்கு நாள் தள்ளியது. நாற்பது தம்பதிகள் வாழும் அந்தக் குடியிருப்பில் ஆறு வருடத்தில் தங்கிய முதல் கரு.

சாப்பாட்டுக் கூடத்தில் தங்கப்பழம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் சீட்டுக்கு இரண்டு மாதமே மீதி. "எப்படிலே?" என்றான், தணிந்த குரலில்.

பொறி சொன்னதை மாசானம் ஒன்றுவிடாமல் சொன்னான். "ஊசிய நிறுத்துங்க அண்ணாச்சி. போய் ஒரு சோதனை பண்ணிக்கிடுங்க. எல்லாரும் பண்ணிக்கிடுங்கடே."

தங்கப்பழம் கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

"எனக்குத் தொள்ளாயிரத்து நாப்பதுலே," என்றான் கடைசியில். "உனக்குப் பொண்டாட்டி வாய்ச்சிருக்கா. அவ்வளவுதான்."

மறுநாள் காலை நாடிப்பொறியின் முன்னால் நீண்ட வரிசை. முதலில் தங்கப்பழத்தின் மனைவி செல்லக்கனி. அவளுக்குப் பின்னால் முப்பத்தெட்டுப் பெண்கள். ஆண்களின் வரிசை சாமான் அறையில் நின்றது. அன்று குப்பி கொடுக்கும் நாள்.

"உங்களுக்கு ஒரு கோளாறும் இல்லை என்று நாலு தடவை சொல்லிவிட்டேனே அம்மா," என்றது பொறி.

"தெரியும்யா," என்றாள் செல்லக்கனி. "எம் பேருல ஏதாவது ஒரு கோளாறு எழுதிக் குடு. அந்த மனுசன் மூஞ்சியப் பாக்க முடியல."