பட்டியலில் ஐந்தாவது ஆள்

அந்த வீட்டில் இருந்தது நாலு. பூட்டுக்காரன் பெண்டாட்டியின் மடிக்கணினி ஒன்று, அவள் போன் ஒன்று, அவன் போன் ஒன்று, இன்று புதிதாக வந்து மேசையில் உட்கார்ந்திருக்கும் பிரிண்டர் ஒன்று. பூட்டுக்காரன் விரல் விட்டு இரண்டு தடவை எண்ணிவிட்டான். நாலுதான். ஆனால் வைஃபை பெட்டியோடு என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று காட்டுகிற பட்டியலில் ஐந்து வரி இருந்தது. ஐந்தாவது வரியை எழுத்துக் கூட்டித்தான் படித்தான்.

நெட்டை.

அது செத்துப்போனவனின் பட்டப்பெயர். பூட்டுக்காரனுக்கு முன்னால் அவளைக் கட்டியிருந்தவன். கம்பம் ஏறி இணைய ஒயர் இழுக்கிற வேலை பார்த்தவன், ஒருநாள் கால் வழுக்கிக் கம்பத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தான். மூன்று வருஷம் ஆகிறது. இந்த வீடு அவன் வாடகைக்குப் பிடித்தது. சுவரில் சட்டை மாட்டுகிற ஆணிகள்கூட அவன் உயரத்துக்கு அடித்தவை. பூட்டுக்காரன் குள்ளம். தினமும் சட்டையை மாட்ட எம்பும்போதெல்லாம் அந்த ஆளின் தோளுக்குக் கீழே நிற்கிற மாதிரி அவனுக்கு இருக்கும். ஆணியைப் பிடுங்கிக் கீழே அடித்திருக்கலாம். அடித்தால் தன் வயிற்றெரிச்சல் அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் எம்பிக்கொண்டே இருந்தான்.

அவள் தையல்காரி. வாடிக்கைக்காரர் அளவைக் கணினியில் போட்டால், துணி வெட்டுவதற்கான வரைபடம் முழு அளவில் வரும். அதைத் துண்டு துண்டாகத் தாளில் அடித்து, மூலையில் இருக்கிற எண்ணைப் பார்த்து ஒட்டினால் ஒரு சட்டையின் முதுகு கிடைக்கும், ஒரு கை கிடைக்கும். ஒட்டுகிற வேலை பூட்டுக்காரனுடையது. சாயங்காலம் இருவரும் தரையில் மண்டியிட்டு, ஒருவர் தாளைப் பிடிக்க ஒருவர் பசை நாடா ஒட்டுவார்கள். அவள் முழங்கை அவன் முழங்கையில் இடிக்கும். அந்த அரைமணி நேரத்துக்காகவே அவன் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வருவான். உலகத்தில் அவனுக்கென்று இருந்தது அவ்வளவுதான்.

இவ்வளவு நாளும் முக்கு ரோட்டு நகல் கடையில்தான் அச்சடித்தாள். அந்தக் கடைக்காரன் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற பயல். பிரிண்டர் வாங்கியதே அந்தச் சிரிப்பை நிறுத்தத்தான். வாங்கிய இடத்தில், வீட்டுக்கு ஆள் அனுப்பி மாட்டித் தருகிறோம் என்றார்கள். பூட்டுக்காரன் வேண்டாம் என்றான். இன்னொரு ஆம்பளை உள்ளே வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, அவளிடம் பாஸ்வேர்டு கேட்பதா? பூட்டைப் பிரித்துப் பூட்டுகிற கைக்கு இது என்ன பெரிய வித்தை? படம் போட்ட புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அவனே மாட்டினான்.

பாஸ்வேர்டு கேட்டபோது அவள் ஊசியில் நூல் கோத்தபடி எட்டு எண் சொன்னாள். அடித்து முடித்த பிறகுதான் அது ஒரு தேதி என்று உறைத்தது.

"இது என்ன தேதி?"

"எங்க கல்யாண நாளு. அவரு வச்சது. மாத்தணும்னு தோணல" என்றாள். நூல் கண்ணில் நுழையவில்லை. மறுபடியும் நுனியை எச்சில்படுத்தினாள்.

மூன்று வருஷமாக இந்த வீட்டுக்குள் எது நுழைய வேண்டுமானாலும் நெட்டையின் கல்யாணத் தேதியைச் சொல்லிவிட்டுத்தான் நுழைந்திருக்கிறது. பூட்டுக்காரனின் போன் உட்பட. அவனுக்கு நெஞ்சுக்குழியில் காரம் இறங்கின மாதிரி இருந்தது. அந்த எரிச்சலோடுதான் பட்டியலைத் திறந்தான், ஐந்தாவது வரியைப் பார்த்தான்.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். விரல் திரைக்கு அருகே போய், தொடாமல் நின்றது. அவர் விழுந்தபோது, அந்தப் பெயர் வைத்த போன் அவர் பையிலேயே இருந்தது, அப்படியே அவரோடு வைத்துப் புதைத்துவிட்டார்கள் என்றாள். அப்படியானால் இது யார் என்று கேட்டான். பெட்டிக்குப் பழைய ஞாபகமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, வெட்டுகிற மேசைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு முழுக்க அவள் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. பூட்டுக்காரன் அதையும் கவனித்தான்.

ஞாபகமாவது, மண்ணாவது. செத்தவன் போன் பேசாது. உயிரோடு இருக்கிற எவனோ ஒருவன் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பக்கத்தில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறான். அவள் இடம் கொடுத்திருக்கிறாள். பூட்டுக்காரனின் கணக்கு அப்படித்தான் போயிற்று.

பாஸ்வேர்டை மாற்றினான். மாற்றியதும் பிரிண்டர் கழன்றுகொண்டது. அதன் பொத்தானை நீல விளக்கு மினுக்குகிற வரை அழுத்திப் பிடித்து, மறுபடியும் சேர்த்தான். பட்டியலில் நாலு. இரண்டு நாள் நிம்மதியாகச் சாப்பிட்டான். மூன்றாம் நாள் ஐந்து.

புதுச் சாவி தெரிந்தது இரண்டே பேருக்கு. உள்ளே மூன்றாவது ஆள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அவளிடம் கேட்டான், சுற்றி வளைக்காமல் கேட்டான். அவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"இருக்கறது ஒரு பொண்டாட்டி. எத்தன பூட்டுதாங்க போடுவீங்க?"

அவன் சிரிக்கவில்லை.

பூட்டுத் தொழிலில் ஒரு வழி உண்டு. வீட்டில் பொருள் காணாமல் போகிறது, யாரிடமோ கள்ளச் சாவி இருக்கிறது என்று ஆள் வந்தால், பூட்டை மாற்றாதே என்பான் பூட்டுக்காரன். மாற்றினால் திருடன் உஷாராகிவிடுவான். ஒருநாள் பூட்டாமல் விடு, உள்ளே உட்கார்ந்திரு, யார் வருகிறான் என்று பார். எத்தனையோ பேருக்குச் சொல்லி எத்தனையோ வீட்டில் பலித்த யோசனை. அதைத்தான் இங்கேயும் செய்தான்.

பள்ளிக்கூடச் சீருடை மூட்டையை எடுத்துக்கொண்டு அவள் ஊரின் அந்தக் கோடிக்குப் போயிருந்த மத்தியானம். வர ஐந்தரையாகும். பூட்டுக்காரன் தையல் அறைக்குள் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தான். பாஸ்வேர்டை எடுத்துவிட்டான். பூட்டில்லாமல் விட்டால் யாரும் உள்ளே வரலாம், சம்மதமா என்று பெட்டி கேட்டது. சம்மதம். பிரிண்டரை எல்லோரும் பயன்படுத்தலாம், சம்மதமா என்று அதுவும் கேட்டது. சம்மதம். மடியில் ஒரு கனத்த திருப்புளியை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

ஜன்னல் வழியாக வெள்ளை வெயில் விழுந்து, தரையில் சிதறிக் கிடந்த நூல் துணுக்குகளையும் துணி வெட்டுச் சுண்ணாம்புப் பொடியையும் காட்டிக்கொண்டிருந்தது. தையல் மெஷின் எண்ணெயும் புதுத்துணியின் கஞ்சியும் கலந்த வாசனை, மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் எங்கேயோ ஓர் இடத்தில் உரசி எழுப்புகிற கீச்சு, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம், எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது. பட்டியலில் நெட்டையின் வரி வந்தபோது அதனால் அவனுக்குப் பயம் வரவில்லை. வந்தாயா மவனே என்றுதான் தோன்றியது.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அலை எவ்வளவு பலம் என்று காட்டுகிற நாலு கோடு உண்டு. ஆள் தூரத்தில் இருந்தால் ஒரு கோடு, பக்கத்தில் இருந்தால் நாலு. நெட்டைக்கு ஒரு கோடு.

இரண்டு கோடு.

பூட்டுக்காரன் எழுந்து ஜன்னலுக்குப் போனான். தெரு காலியாகக் கிடந்தது. ஒரு நாய் சுவரோரம் படுத்திருந்தது. அவன் பார்க்கும்போதே அது எழுந்தது, தெருவின் நடுவில் எதையோ பார்த்தது, வாலை இடுக்கிக்கொண்டு போய்விட்டது.

திரும்பி வந்தான். மூன்று கோடு. வாசல் கதவு அடைத்துத்தான் இருந்தது.

அப்போது பிரிண்டர் தானாக முழித்துக்கொண்டது. உள்ளே ஏதோ இடம் வலமாக ஓடித் தொண்டையைச் செருமியது. ஒரு தாள் வந்தது. மூலையில் எண் ஒன்று. அதிலே வளைவான ஒரு கோடு, அவ்வளவுதான். இரண்டாவது தாள். மூன்றாவது.

வெட்டு வரைபடம். அவனுக்குத் தெரியாதா? தரையில் மண்டியிட்டு எண்ணுக்கு எண் சேர்த்து வைத்தான். அவள் எவனுக்கோ உடுப்புத் தைக்கிறாள். அவன் தன் அளவை நேராக வீட்டுக்கே அனுப்புகிறான். பூட்டுக்காரன் ஆத்திரத்தோடு அடுத்த தாளை உருவினான். தாள்கள் ஈரமாக இருந்தன. மை என்று நினைத்தான். மையில் மண்வாசனை அடிக்காது என்பதை அப்புறமாகத்தான் நினைத்தான்.

கீழேயிருந்து வந்தது. முதலில் பாதம். உடுப்புக்கு எதற்குப் பாதம்? விரல் விரலாக இருந்தது, பெருவிரல் நகம்கூட. பிறகு கெண்டைக்கால், முட்டி, தொடை. நீளமான தொடை. அவளுடைய அளவு நாடாவை எடுத்து வைத்துப் பார்த்தான். இடுப்பு வரைக்குமே பூட்டுக்காரனின் நெஞ்சு உயரம் வந்துவிட்டது. இடுப்புக்கு மேலே விலா. மார்பு.

அங்கே நின்றது. தாள் தீர்ந்துவிட்டது. பிரிண்டரின் மஞ்சள் விளக்கு மினுங்கி மினுங்கித் தாள் கேட்டது.

அவ்வளவில் விட்டிருக்கலாம். மெஷினை அணைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் கழுத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். யார் என்று தெரிந்தாக வேண்டும். நகல் கடைக்காரனா, எதிர் வீட்டுக்காரனா, வேறு எவனாவதா? முகம் வேண்டும். அலமாரியில் இருந்த புதுக் கட்டைப் பிரித்து, ஓரம் தட்டிச் சீராக்கி, தன் கையாலேயே தட்டில் நிரப்பினான்.

பிரிண்டர் மறுபடி ஓடியது.

தோள். கழுத்து. தாடை. காது.

அந்த உருவத்தின் கடைசித் தாளை வைத்தான். முகம் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. சுற்றிலும் ஒரு கோடு மட்டும். உள்ளே ஒன்றும் இல்லை. தலை சுவரில் முட்ட, கால் எதிர்ச் சுவரைத் தொட, அந்த ஆள் அறை நீளத்துக்குக் கிடந்தான். பூட்டுக்காரன் திரையைப் பார்த்தான்.

நாலு கோடு.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தாள் ஒன்றுகூடப் பறக்கவில்லை.

பிரிண்டர் நிற்கவும் இல்லை. அடுத்த தாள், அடுத்த தாள். அவனை அறியாமலே கை வாங்கி வாங்கி வைத்தது. பழகின கை. முதல் உருவத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது. சின்னப் பாதம். இரண்டாம் விரல் பெருவிரலைவிட நீளம். அந்தப் பாதத்தை அவன் மடியில் வைத்து முள் எடுத்திருக்கிறான். இந்த இடுப்பின் அளவு அவனுக்கு நாடா இல்லாமல் தெரியும். நடுவில் ஒரு தாள் வந்தது. அதில் பெரிய கை ஒன்றும் சின்னக் கை ஒன்றும். கோத்தபடி.

அவள் வரைபடம் போட்டால் அடுத்து வெட்டுவாள். வரைபடம் என்பதே இனிமேல் ஆகப்போகிற ஒன்று. அது நினைவுக்கு வந்ததும் பூட்டுக்காரன் பிரிண்டர் பக்கம் எட்டினான். மின்கம்பியைப் பிடுங்கினான். பிரிண்டர் அணைந்தது. அவன் விரல்களுக்கு நடுவில் கடைசித் தாள் முழுதாக வந்திருந்தது. அதிலே இருந்தது அவள் முகம். அதற்குள் வெள்ளை இல்லை. கண், மூக்கு, மூக்கோரத்து மச்சம், எல்லாம் இருந்தது.

அதை வைத்து உருவத்தை முடிக்கக் கூடாது. கசக்கிச் சட்டைப்பையில் திணித்தான்.

வாசல் கதவு திறந்தது. மணி நாலுகூட ஆகவில்லை.

அவள்தான். வெறும் கையோடு வந்திருந்தாள், மூட்டை இல்லை. நெற்றியில் வேர்வை இல்லை. அறை வாசலில் நின்று தரையைப் பார்த்தாள். பட்டியலைப் பார்த்த அதே மாதிரி, ரொம்ப நேரம். பூட்டுக்காரன் குறுக்கே போய் நின்றான். வராதே என்று இரண்டு கையையும் விரித்தான்.

அவள் அவன் தோளைத் தொட்டு, நோகாமல் ஒதுக்கினாள். ஒரு தாளையும் மிதிக்காமல் நடந்தாள். தாளில் இருந்த தன் பாதத்தின் மேல் பாதம் வைத்து உட்கார்ந்தாள். படுத்தாள். முட்டிக்கு முட்டி. தோளுக்குத் தோள். ஒரு நூல் அளவு பிசகவில்லை.

"கதவ நீங்கதானே தெறந்து விட்டீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நன்றி சொல்கிறவள் மாதிரி சொன்னாள்.

பெரிய கை மடங்கியது. காகிதம் மடங்குகிற சத்தம். விரல் விரலாக அவள் கையை மூடியது.

பூட்டுக்காரன் பாய்ந்து அவளுடைய மற்ற கையைப் பிடித்தான். இரண்டு கையாலும் பிடித்தான். இழுத்தான். என்னோடது, என்னோடது என்று இழுத்தான்.

கை வந்தது. எடையே இல்லாமல் வந்தது. சர்ரென்று கிழிந்து வந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. தட்டையாக, ஈரமாக, தோள் வரை அவன் கையில் தொங்கியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வெள்ளையாக இருந்த அந்த முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது.